காது திறக்கிற கடை

ரீம் வந்து பத்ரானின் வலது காதில் வாய் வைத்தாள். மூச்சின் சூடு தெரிந்தது. நோன்பு திறந்ததும் அவள் குடித்த ஆப்ரிகாட் சாற்றின் வாசம் தெரிந்தது. காது மடலில் சின்ன உதடுகள் உரசுவதுகூடத் தெரிந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக, காதுக்கு உள்ளே, வெகு ஆழத்தில், பேச்சைத் தொடங்குவதற்கு முன் பெரிய மனிதர்கள் செய்வதைப் போல யாரோ மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அவன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். குழந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரமாக இதே கதைதான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அப்பாவின் முகத்தை ஆவலோடு பார்ப்பாள். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பான். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும். முந்தாநாள் ஆத்திரம் தாங்காமல் காதைக் கடித்தே விட்டாள்.

ரீம் ஊமை இல்லை. ஆனால் ஊருக்கு அவள் ஊமைதான். ஆறு வயதாகிறது, பெற்ற தாய் இன்சாஃபிடம்கூட ஒரு சொல் பேசியதில்லை. பேசுவதெல்லாம் அப்பாவின் வலது காதுக்குள் மட்டும், அதுவும் கிசுகிசுப்பாக. பூனை எங்கே குட்டி போட்டது, மாடி வீட்டுக்காரி யாரைத் திட்டினாள், பிறை எந்த ஜன்னலில் தெரிந்தது, எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மன்சூரா நகரத்தில் ஒரு பெண் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னது பத்ரானுக்கு மனப்பாடம். இந்த ஒரு நூலைப் பிடித்துத்தான் மற்றப் பேச்சையெல்லாம் வெளியே இழுக்க வேண்டும், இது அறுந்துபோனால் மறுபடி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றாள் அந்த அம்மாள். நோன்பு மாதம் முடிந்து பெருநாள் கழிந்ததும் ரீமைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். நூலின் ஒரு முனை அவன் காதில் இருந்தது. அந்த முனை இப்போது அடைத்துக் கிடந்தது.

இடது காதைக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ரம்ப மெஷினுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். இடது காது பேருக்குத்தான் இருக்கிறது.

"நீ சொல்லு கண்ணு, அப்பாவுக்குக் கேக்குது" என்று பொய் சொல்லிப் பார்த்தான். ரீம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் மறுபடி காதுப் பக்கம் வரவில்லை.

எங்கள் தும்யாத் ஊர் என்றால் மரச்சாமான். தெருவுக்கு நாலு பட்டறை. காதுக் குறும்பியும் மரத்தூளும் ஒன்றாகச் சேர்ந்து இறுகிப் போவது அந்த ஊரில் ஜலதோஷம் மாதிரி. ஆகவே ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் உண்டு, அடுத்தவன் வைத்தியத்தைப் பற்றி ஆளுக்கொரு பயங்கரக் கதையும் உண்டு. மச்சான் கொண்டை ஊசியை சிபாரிசு செய்தான். இன்சாஃபின் அக்கா மெழுகுக் குழலைக் காதில் நட்டுக் கொளுத்தினால் புகை அழுக்கை இழுத்துவிடும் என்றாள். அவள் முடி கருகிய கதையை மச்சான் சொன்னான். யாருடைய பேச்சும் பத்ரானுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

முதலில் அவன் ஒழுங்காக டாக்டரிடம்தான் போனான். ராத்திரி தராவீஹ் தொழுகைக்குப் பிறகு திறக்கிற கிளினிக். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, கல் மாதிரி இருக்கிறது, சில நாள் சொட்டு மருந்து விட்டு ஊற வைத்துக்கொண்டு வா, மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுகிறேன் என்றார். அதுவரை முழங்கையைவிடச் சின்னதாக எதையும் காதுக்குள் விடாதே என்று சொல்லிச் சிரித்தார். மருந்து விட்டதும் முதலில் உப்பிக்கொண்டு இன்னும் அடைக்கும், பயப்படாதே என்றும் சொல்லித்தான் அனுப்பினார். அப்படியே அடைத்தது. இரண்டு ராத்திரி விட்டான். அந்த இரண்டு ராத்திரியும் உள்ளே செருமல் சத்தம் இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. கொஞ்சநஞ்சம் கேட்டதும் போய்விட்டதே என்றுதான் கவனித்தான். மருந்தை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டான்.

மறுபடி கிளினிக்குக்குப் போகவும் வழியில்லை. பெருநாள் முடிந்ததும் ஊரெல்லாம் கல்யாணம், கல்யாணம் என்றால் கட்டிலும் அலமாரியும். தராவீஹ் முடிந்து, விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் நேரம் வரைக்கும் பட்டறை ஓடும், முதலாளி யாரையும் விட மாட்டார். பத்ரானுக்குக் கிடைத்ததெல்லாம் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் அந்தி மஃரிப் தொழுகைக்கும் நடுவில் இருந்த நேரம்தான். அந்த நேரத்தில் மருந்துக்கடை திறந்திருக்கும். கடைக்காரப் பெண் வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய ஊசிக்குழலில் பிடித்து மெதுவாகப் பீய்ச்சுவாள், கை சுத்தம், ஊரில் நல்ல பெயர். ஆனால் பகலில் நோன்பு. காதில் ஊற்றியது தொண்டைக்கு இறங்கும், நோன்பு முறிந்துவிடும் என்று அவனுடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டான். அது பழைய கருத்து, இப்போது படித்தவர்கள் முறியாது என்றுதான் சொல்கிறார்கள் என்றார் அவர். பத்ரான் தலையை ஆட்டிவிட்டு வந்தான், மனசு மட்டும் ஆடவில்லை. பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

அப்போதுதான் வார்னிஷ் பிரிவு ஜாபிர் வந்து எதிரே நின்றான். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ரம்பம் ஓடும்போது பட்டறையில் யாரும் கத்த மாட்டார்கள். உதட்டை அசைப்பார்கள், கையை ஆட்டுவார்கள், அதிலேயே ஊர் வம்பு முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள். இப்படியே பழகி, எந்தச் சத்தத்திலும் எதிராளியின் உதட்டைப் படித்துவிடுகிற ஜனம் அது. ஜாபிர் தன் காதைத் தொட்டுக் காட்டினான். இரண்டிலும் பஞ்சு இருந்தது. பழைய குளியல் விடுதிக்குப் பின்னால் ஸனூசி என்று ஓர் ஆள் இருக்கிறான் என்று உதட்டை அசைத்தான். தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, எல்லாம் உலர்ந்த கம்பிதான். நோன்புக்கு ஒரு குறையும் வராது. மஃரிபுக்கு முன்னால் போ.

ஜாபிர் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற ஆள். போன மாதத்திலிருந்து அப்படியே மாறிப் போயிருந்தான். முகம் கழுவி வைத்த மாதிரி ஒரு சிரிப்பு, யார் திட்டினாலும் அதே சிரிப்பு. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த பலகைகள் சரிந்து மொத்தமாகத் தரையில் விழுந்தன. அந்த அதிர்வு பத்ரானின் பாதத்தில் ஏறியது. பட்டறையே துள்ளித் திரும்பியது. ஜாபிர் திரும்பவில்லை. பத்ரானின் உதட்டையே பார்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். என்ன நிதானமான மனுஷனாகிவிட்டான் என்று பத்ரான் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு, பட்டறை அங்கியோடேயே கிளம்பினான். நைல் ஓரமாக நடந்து பழைய கடைத்தெருவுக்குள் திரும்பினான். எங்கு பார்த்தாலும் எண்ணெய்ச் சட்டிகள், வறுக்கிற கத்தரிக்காய் வாசம், குனாஃபா இனிப்புக்கு மாவை நூல் நூலாகச் சுற்றுகிற தட்டுகள், கையில் ரொட்டிக் கட்டோடு வீட்டுக்கு ஓடுகிற ஜனங்கள். எல்லார் வாயும் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சந்து திரும்பும்போதும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது, வெயில் மஞ்சளாகிச் சுவர்களில் மேலே ஏறியது. காதுக்குள் அந்தச் செருமல் மட்டும் அடிக்கடி வந்தது. சரியான சந்தில் திரும்பியபோதெல்லாம் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு முறை நின்றான். ரீம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு ஞாபகம் வந்தது. நடந்தான்.

குளியல் விடுதி மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதன் பின்சுவரோடு ஒட்டி ஒரு கடை, பலகை இல்லை, வாசலில் மணித்திரை தொங்கியது. அவன் நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு முதியவர் புதுப் பஞ்சு வைத்த காதுகளோடு வெளியே வந்தார். எதிர்த் திசையில் ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் சைக்கிளில் வேகமாக வந்தான். அவன் வாய் அகலத் திறந்து கத்துவது தெரிந்தது, மணியை அடிக்கிற கட்டை விரலும் தெரிந்தது. முதியவர் ஒதுங்கவில்லை. சைக்கிள் அவர் இடுப்பில் இடித்து அவரைச் சுவரில் மோதியது. நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர் அதைத் துடைக்காமல், யாரிடமோ பேசிக்கொண்டு போவதைப் போலத் தலையை ஆட்டியபடி நடந்து போனார்.

பத்ரான் வாசலிலேயே நின்றான். ஆனாலும் நோன்பாளிக்குக் கடைசி நேரத்தில் தலை கிறுகிறுப்பது சகஜம்தானே என்று தனக்குத்தானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு திரையை விலக்கினான்.

உள்ளே பழைய சலூன் நாற்காலி ஒன்று. தேன்மெழுகு உருகுகிற வாசம், அதற்கு அடியில் கசாப்புக் கடையின் வாசம். சுவரோரப் பெஞ்சில் இரண்டு பேர் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், இருவர் காதிலும் பஞ்சு, இருவர் முகத்திலும் ஜாபிரின் சிரிப்பு. ஒரு மேசையில் பேரீச்சம்பழமும் தண்ணீர்க் குவளைகளும் இருந்தன. பழங்கள் வற்றிச் சுருங்கி, மேலே தூசி படிந்து, எத்தனையோ நாள்களாக யாரும் தொடாதவை போல இருந்தன.

ஸனூசி தாட்டியான ஆள். காது மறையத் துணியைத் தலையில் இறுகச் சுற்றியிருந்தான். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னான். இதற்கு முன் யாரிடம் காட்டினாய் என்று கேட்டான். டாக்டரிடம் காட்டியதையும் சொட்டு மருந்து விட்டதையும் பத்ரான் சொன்னான். ஸனூசியின் முகம் சுளித்தது.

"ஈரம் படவே கூடாது தம்பி. உள்ள இருக்கிறதுக்கு ஈரம் ஆகாது" என்று அவன் உதடுகள் சொன்னன.

அது நோன்பைப் பற்றிய பேச்சு என்று பத்ரான் எடுத்துக்கொண்டான். நல்ல மார்க்கப்பற்று உள்ள ஆள் என்று தோன்றியது. தலையைச் சாய்த்துக்கொடுத்தான்.

கை நிஜமாகவே நல்ல கை. கம்பி உள்ளே போனதே தெரியவில்லை. சுரண்டல், ஒரு சின்ன இழுப்பு, மறுபடி சுரண்டல். பிறகு தலைக்குள் ஏதோ தாழ்ப்பாள் விலகியது போல ஒரு சத்தம். பழுப்பு நிறத்தில், மரத்தூள் பொதிந்த ஒரு கட்டி ஸனூசியின் உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே உலகம் முழுவதும் வந்து கொட்டியது. எங்கோ எண்ணெய் பொரிகிற சத்தம். கூரையில் குருவிகள். யாரோ ஒரு தாய் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மெழுகுவத்தித் திரி படபடப்பதுகூடக் கேட்டது. பத்ரானுக்கு அழுகை வந்துவிட்டது. இன்றைக்கே போய் ரீமின் வாயைக் காதில் வைத்துக்கொள்ளலாம், ஒரு வாரக் கதை பாக்கி இருக்கிறது.

"கை நல்லா இருக்கணும் உஸ்தா. நான் கிளம்புறேன், வீட்ல பிள்ளை காத்துக்கிட்டிருக்கும்" என்றான்.

ஸனூசி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தோளிலிருந்து எழவில்லை.

"பிள்ளையா? பேசுமா?"

இப்போதுதான் அந்தக் குரலை முதன்முறையாகக் காதால் கேட்டான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தன் குரலைத் தானே கேட்டிராத ஒருவனுடைய குரல்.

"என் காதுல மட்டும் பேசும்" என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னோம் என்று உடனே தோன்றியது. பெஞ்சில் இருந்த இருவரும் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சுதுல்ல உஸ்தா?"

"வெளி வாசல்தான் திறந்திருக்கு தம்பி. உள் வாசல் இருக்குல்ல."

அந்த நேரத்தில், நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கிற பீரங்கி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து ஊரின் எல்லாப் பள்ளிவாசல்களிலிருந்தும் பாங்கு எழுந்தது, அவ்வளவு அழகாக, அவ்வளவு துல்லியமாக, ஒன்றன் மேல் ஒன்றாக. நாள் முழுக்க வறண்டு கிடந்த ஊர் இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் காத்திருந்தது. இந்தச் சத்தம் கேட்டால் சாகக் கிடப்பவனும் உதட்டை நனைக்கக் கை நீட்டுவான்.

கடைக்குள் ஒருவரும் அசையவில்லை.

பெஞ்சில் இருந்தவர்களின் கை முழங்காலிலேயே இருந்தது. ஸனூசியின் கண் பத்ரானின் உதட்டிலேயே இருந்தது. பேரீச்சம்பழத்தின் மேல் தூசி அப்படியே இருந்தது.

அவனுக்குப் புரிந்தது. பலகை விழுந்தபோது ஜாபிர் ஏன் திரும்பவில்லை என்று புரிந்தது. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய பட்டறையில் ஒரு செவிடன் எத்தனை நாள் வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டு நடமாடலாம், யாருக்கும் தெரியாது.

"பாங்கு சொல்லிட்டாங்க" என்றான். "விடுங்க. நோன்பு திறக்கணும்."

அவர்கள் எழுந்தார்கள். ஒருவன் கைகளைப் பிடித்தான். இன்னொருவன் கால்களின் மேல் உட்கார்ந்தான். ஸனூசியின் முழங்கை கழுத்தில் இறங்கி, தலையை நாற்காலியோடு சேர்த்து அழுத்தியது.

பத்ரான் கத்தினான். அந்தக் கத்தலை அவன் வலது காது கேட்டது. அது கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

கம்பி உள்ளே போனது. முதலில் குளிர்ச்சி. பிறகு ஒரு கிழிசல். காகிதம் கிழிவதைப் போல, ஆனால் மண்டைக்குள். பாங்கு பாதியில் நின்றது. வெந்நீர் போல ஏதோ கழுத்தில் வழிந்தது. கம்பி நிற்கவில்லை. திரும்பியது. எதையோ தேடியது. எலும்பில் உரசியது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. வாயில் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தான்.

பிறகு தலையைப் புரட்டினார்கள். இடது காது.

புரட்டும்போது ஒரு கை நழுவியது. அங்கிப் பையில் உளி இருந்தது. மரத்தைச் செதுக்குகிற சின்ன உளி, காலையில்தான் தீட்டியது. அவன் யோசிக்கவில்லை. கை யோசித்தது. மேல்நோக்கிக் குத்தியது. ஸனூசியின் தாடைக்குக் கீழே பிடிவரை இறங்கியது. உருவினான். மறுபடி குத்தினான். இன்னொரு முறை. ரத்தம் சுவரில் அடித்தது, மேசையில் அடித்தது, பேரீச்சம்பழத்தை நனைத்தது.

ஸனூசி சரிந்தான். வலித்த முகமே இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவனின் முகம். தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. அவன் காதுகளிலும் பஞ்சு. கறுத்து, காய்ந்து, சதையோடு சதையாக ஒட்டிப்போன வருஷக்கணக்கான பஞ்சு.

மற்ற இருவரும் பிடியை விட்டார்கள். துரத்தவில்லை. ஒருவன் புதுப் பஞ்சு எடுத்து வந்து, தாய் பிள்ளைக்குச் செய்வதைப் போலப் பத்ரானின் இரண்டு காதிலும் வைத்து அடைத்தான். பிறகு இருவரும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸனூசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு.

ஓடினான். சந்துகள் காலியாக இருந்தன. ஊரே வீட்டுக்குள் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒரு கதவைத் தட்டினான், சத்தம் வரவில்லை. வந்திருக்கும், அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு கதவைத் தட்டக் கை ஓங்கினான்.

செருமல். ஆழத்தில் இல்லை, செவிக்கு அருகிலேயே.

'பதறாதே' என்றது குரல். இதுவரை எங்கும் கேட்டிராத குரல், மரியாதையான குரல். 'கதவு இருந்துச்சு, இப்ப இல்ல. இனிமே நமக்கு வசதி. கையை இறக்கு.'

கை இறங்கியது.

'முகத்தைத் துடைச்சுக்கோ.'

கை முகத்தைத் துடைத்தது. அவன் வேண்டாம் என்று நினைத்தான். கை துடைத்துக்கொண்டே இருந்தது. மறு கையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தான். உளி இல்லை. ஸனூசியின் கம்பி.

'வீட்டுக்குப் போ. பிள்ளை காத்துக்கிட்டிருக்கும்.'

வேறு பக்கம் நடக்க முயன்றான். ஆற்றில் விழுந்துவிடலாம் என்று ஆற்றுப் பக்கம் திரும்ப முயன்றான். கால் வீட்டுக்குப் போனது.

இன்சாஃப் கதவைத் திறந்ததும் அங்கியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மஹோகனிச் சாயத்தில் முழுகி எழுந்து வந்திருக்கிறீர்களே, பெருநாள் நேரத்தில் இதை யார் துவைப்பது, பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாகிறது என்று அவள் உதடுகள் பொரிந்து தள்ளின. அவன் அவள் தோளைப் பிடித்தான். ரீமைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடு, கதவைப் பூட்டிக்கொள், நான் என்ன சொன்னாலும் திறக்காதே. பலம் முழுவதையும் திரட்டிச் சொன்னான். வாய் அசைவது தெரிந்தது. அவள் கோபம் தணிந்து சிரித்தாள்.

ஏன் சிரிக்கிறாள்?

அவளுக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடி. அதில் தன் முகம். பட்டறையில் பாதி ஆயுளாக உதடு படித்தவன், தன் உதட்டைப் படித்தான்.

"காது திறந்திடுச்சு, இன்சாஃப். நல்ல வேலைக்காரன், வேலையையும் கத்துக்கொடுத்தான். விளக்கைக் கிட்ட கொண்டா, பிள்ளைக்கும் பார்த்திடுவோம்."

இல்லை, இல்லை என்று அலறினான். கண்ணாடியில் இருந்த உதடுகள் புன்னகைத்தன.

ரீம் ஓடி வந்தாள். அப்பாவின் காது திறந்துவிட்டது என்று அம்மா சொன்னதைக் கேட்டிருப்பாள். முகமெல்லாம் வெளிச்சம். அவன் கால்கள் மடிந்து பாயில் உட்கார்ந்தன. கை தொடையைத் தட்டியது. குழந்தை ஒரு நொடிகூடத் தயங்காமல் அவன் மடியில் தலை வைத்துப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டாள். கன்னத்தின் சூடு தொடையில் தெரிந்தது. பூப்போன்ற சின்னக் காது மேலே பார்த்து இருந்தது.

இன்சாஃப் விளக்கைக் கொண்டுவந்து குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். விளக்கு அவள் கையில் ஆடியது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது.

"பேசுறா" என்றன அவள் உதடுகள். "ரீம் அப்பா, பேசுறா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி பேசுறா."

மடியில் குழந்தையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. ஒரு வாரக் கதை. பூனை, மாடி வீட்டுக்காரி, பிறை. எதுவாகவும் இருக்கலாம். பத்ரானுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

'இந்தச் சத்தந்தான் வேணும்' என்றது குரல்.

இன்சாஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சம் சரியாக விழும்படி விளக்கை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். கம்பி வெளிச்சத்துக்குள் வந்தது. அதைப் பிடித்திருந்த கை நடுங்கவே இல்லை.